புயலும் பயலும்

நடுவயதைத் தாண்டிய மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். சின்ன வயதில் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து கீழே குதித்தவர்கள் ஒரு வகை. குதிக்காதவர்கள் இன்னொரு வகை. குதிக்காதவர்களால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. குதித்தவர்களிலும் பெரும்பாலோர் முட்டியில் ஒரு சிராய்ப்போடு விஷயத்தை முடித்துக்கொண்டு, படிப்பு, வேலை, கல்யாணம், சர்க்கரை வியாதி என்று வரிசைக்கிரமமாக முன்னேறிவிடுகிறார்கள். மிச்சம் கொஞ்சம் பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் ஆபத்து. உடம்பு தரைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் மனசு இன்னும் கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு நான் துண்டுகட்டிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

துண்டுகட்டியைச் சாதாரண நாட்களில் கண்டுபிடிப்பது கஷ்டம். இஸ்திரி போட்ட சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, கரண்ட் பில்லைக் கடைசி நாளுக்கு முன்னாலேயே கட்டிவிடுகிற ஆளாக, உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். அவருடைய பால்யத்து வீரனை வைத்து யாரோ புதிதாக ஒரு அனிமேஷன் படம் எடுக்கிறார்கள் என்று செய்தி வர வேண்டும். அன்றைக்குப் பாருங்கள் ஆளை! சாப்பிடும்போது சிரிப்பார். குளிக்கும்போது வாயாலேயே பின்னணி இசை போடுவார். இரண்டு நிமிஷ டிரெய்லரை நாற்பது தடவை பார்த்துவிட்டு, நாற்பத்தோராவது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வீரனின் முதுகுத் துணியில் தையல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஆராய்வார். பிறகு உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஒண்ணும் சொல்லல, சும்மா பாருங்க" என்பார். சும்மா பார்க்க விடுவாரா? "இதோ, இதோ, இப்ப வரும் பாருங்க" என்று அவர் காட்டிக்கொண்டே இருப்பதில் அது வந்துபோனதே உங்களுக்குத் தெரியாது.

இவர்களிடம் 'கார்ட்டூன்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாமியாரைப் பற்றிப் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கார்ட்டூன் என்பது குழந்தைகள் பார்ப்பதாம். இவர்கள் பார்ப்பது வேறாம். என்ன வேறு என்று கேட்டால் ஒன்றரை மணி நேரம் விளக்குவார்கள். முடிவில், "அதெல்லாம் அனுபவிச்சாத்தான் தெரியும்" என்று முடித்துவிடுவார்கள்.

ஊர் உலகத்துத் துண்டுகட்டிகளைப் பற்றி நான் இவ்வளவு விவரமாகப் பேசக் காரணம், அதில் முதல் தரமான ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருப்பதுதான். என் தங்கை வீட்டுக்காரர். பல் டாக்டர். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நான் குதிக்காத வகையைச் சேர்ந்தவன் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு டிவி வருவதற்குள் எனக்கு மீசை வந்துவிட்டது.

ஒரு துண்டுகட்டி பல் டாக்டராகவும் இருந்துவிட்டால் அதைவிடக் கொடுமை கிடையாது. மற்ற துண்டுகட்டிகளிடம் மாட்டிக்கொண்டால், அடுப்பில் பால் இருக்கிறது, போன் அடிக்கிறது என்று எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். இங்கே உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்தில் லைட் அடித்து, வாய்க்குள் பஞ்சையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் செருகிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். "சூறாவளிச் சூரன் தெரியும்ல மச்சான்?" என்பார். நீங்கள் "ஆ" என்பீர்கள். வேறென்ன சொல்ல முடியும்? "அப்படிச் சொல்லுங்க!" என்று அவர் தொடர்வார். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருப்பார். நான் எத்தனையோ தடவை பல்லில் வலி இல்லாமலே கையைத் தூக்கியிருக்கிறேன்.

சூறாவளிச் சூரன் என்பது அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவியில் வந்த தொடர். வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். சூரனுக்குக் காற்றைக் கட்டியாளும் சக்தி. கதை ஒன்றும் பெரிதில்லை. இருட்டுக் கோமான் என்று ஒரு வில்லன் ஊரை மிரட்டுவான், சூரன் அடிவாங்கிக் கீழே விழுவான், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது எழுந்து, ஒரு விரலை நேராக நம் முகத்துக்கு நேரே நீட்டி, கட்டைக் குரலில் ஒரு வார்த்தை சொல்வான். "புறப்படு, பயலே!" அவ்வளவுதான். காற்று கிளம்பும், கோமான் பறப்பான், ஊர் பிழைக்கும்.

அந்த வருஷங்களில் எங்கள் மாப்பிள்ளை பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், முடிவெட்டுகிறவரின் கத்திரிக்குப் பயம், மாடிப்படி திரும்புகிற இடத்தில் இருக்கிற இருட்டுக்குப் பயம். அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒருத்தன் தினமும் ஐந்தே கால் மணிக்கு விரலை நீட்டி "புறப்படு, பயலே" என்றால் எப்படி இருக்கும்? தன்னைத்தான் சொல்கிறான் என்று அவர் நம்பினார். எழுந்து புறப்பட்டார். படி ஏறினார், முடி வெட்டிக்கொண்டார், நாயைக்கூட ஒரு தடவை தொட்டுவிட்டாராம். பல் மருத்துவம் படிக்கும்போது முதல் பல்லைப் பிடுங்கப் பயமாக இருந்ததாம். உள்ளுக்குள் இந்த வசனத்தைச் சொன்னாராம். பல்லும் புறப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் நான் கேலி செய்யலாம், செய்வேன். ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன். அவர் மகள் மாதம் நிரம்புவதற்கு முன்பே பிறந்து, பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பதினோரு நாளும் இவர் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று மெதுவாக "புறப்படு பயலே, புறப்படு பயலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானே என் காதால் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் அவள் புறப்பட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு நான் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்படி வந்தவளுக்கு இப்போது பத்து வயது. எனக்கு மருமகள் முறை. வீட்டில் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு சொல்வாள், அப்பீல் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்னால் 'சூறாவளிச் சூரன்: மீண்டும்' என்று அனிமேஷன் படம் வரப்போவதாக அறிவிப்பு வந்ததும், டாக்டர் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது இவளிடம்தான். "முதல் நாள், முதல் ஷோ, நீயும் நானும்" என்றார்.

ஜட்ஜம்மா யோசித்தாள். யோசிக்கக் காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு பொம்மைப் படத்துக்கு அவளையும் அவள் தோழியையும் கூட்டிப்போனார். படத்தை முழுக்க இவரே வாயால் ஓட்டினார். திரையில் ஒருவன் கதவைத் திறந்தால், "கதவைத் திறக்கறான் பார், உள்ள வில்லன் இருக்கான்" என்றார். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தத் தோழி, இவர் மூச்சு வாங்கிப் பேசுவதையும் கையை ஆட்டுவதையும் அப்படியே நடித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. சிரிக்காத ஒரே ஆள் ஜட்ஜம்மாதான்.

"சரிப்பா, வரேன்" என்றாள். "ஒரு கண்டிஷன். படம் ஆரம்பிச்சதுல இருந்து முடியற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா இனிமே நான் உங்ககூட எந்தப் படத்துக்கும் வரமாட்டேன். ஃபிரெண்ட்ஸோடதான் போவேன்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு எழுத்துகூட."

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊராரைப் பார்த்து வாயைத் திற, நல்லா திற என்று சொல்லிப் பிழைக்கிற மனுஷனுக்கு வந்த சோதனையைப் பார்த்தீர்களா? என் தங்கை சமையலறையிலிருந்தபடியே, "எனக்கும் சேத்து அந்தக் கண்டிஷனைப் போடுடி" என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எட்டு மாதம் இருக்கிறதே என்ற தைரியம். கிளினிக்கில் முன்பதிவு நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'சூரன்' என்று எழுதிப் பக்கத்தில் மிச்சமிருக்கும் நாட்களைக் குறித்து வைத்தார். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "சூரன்! நம்பர் நாப்பத்தி ஒண்ணு! சூரன் வந்திருக்காரா?" என்று வெளியே போய்க் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. "மூணு நாளா வரல டாக்டர், பல்வலி தானா சரியாப் போயிருக்கும்" என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதம் இருக்கும்போது இரண்டாவது டிரெய்லர் வந்தது. அதில் சூரன் எழுந்தான், விரலை நீட்டினான், "புறப்படு, புயலே!" என்றான்.

புயலே!

அன்று மத்தியானம் டாக்டர் எனக்குப் போன் செய்த குரலைக் கேட்டு நான் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டேன். "மாத்திட்டாங்க மச்சான், வசனத்தையே மாத்திட்டாங்க!" என்றார். அதற்குப் பிறகு நடந்ததை யுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து நண்பர்கள் முப்பது பேரைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார். படக் கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். "ஒரு தலைமுறையின் காதில் மண்ணை அள்ளிப் போடுகிறீர்கள்" என்று அதில் ஒரு வரி. குழுவில் ஒருவர், தனக்கும் புயலே என்றுதான் ஞாபகம் என்று அடக்கமாகப் போட்டார். காற்றைக் கட்டியாளுகிறவன் புயலைக் கூப்பிடுவதுதானே நியாயம், பயலை எதற்குக் கூப்பிடுகிறான் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு பேரையும் குழுவிலிருந்து நீக்கினார். மறுநாள் ஒன்பது பேர் தாங்களாகவே போனார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் அந்த மூன்று காலுக்கும் எக்ஸ்ரே எடுத்து வைத்திருப்பவர்.

கடைசியில் அவருடைய அக்காதான் ஒரு பழைய கேசட்டைத் தேடி எடுத்து அனுப்பினார். டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து அந்தக் காலத்தில் பிடித்த ஒலிப்பதிவு. அது வந்து சேர்ந்த நாளில் நான் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சைக்காக அவர் நாற்காலியில் படுத்திருந்தேன். "நீங்களே சாட்சி மச்சான்" என்று சொல்லி, என் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, எங்கிருந்தோ கடன் வாங்கிவந்த டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டார்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு சண்டைச் சத்தம். பிறகு அந்தக் கட்டைக் குரல், கண்ணாடி மாதிரித் தெளிவாக: "புறப்படு, புயலே!"

அதற்கு அடுத்த நொடியே, டிவியிலிருந்து அல்ல, அந்த அறைக்குள்ளிருந்து, ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான்: "புறப்படு, பயலே!" சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பெண் குரல், "ஐயோ, இவனைப் பாரேன், பயலேங்கறான்" என்கிறது. அவருடைய அம்மா. அந்த அம்மா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

டாக்டர் டேப்பை நிறுத்தினார். என் வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தால், "ஆ" தவிர ஒன்றும் வராது. நான் இடது கையைத் தூக்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"டேப்பு தேஞ்சு போயிருக்கு மச்சான்" என்றார். "சத்தம் மாறிக் கேக்குது."

இதுதான் அசல் துண்டுகட்டி. பெற்ற தாயே டேப்பில் வந்து சாட்சி சொன்னாலும் டேப்பின் மேல் பழியைப் போடுவார்.

படம் வெளியாகும் சனிக்கிழமை வந்தது. காலை ஷோவுக்கு மூன்று டிக்கெட். நான் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? என்னைக் காவலுக்குக் கூட்டிப்போனார். "அந்த வசனம் வர்ற இடத்துல என்னால சும்மா இருக்க முடியுமான்னு தெரியல மச்சான். நான் வாயைத் திறக்கற மாதிரி தெரிஞ்சா எட்டி ஒரு கிள்ளு கிள்ளுங்க. இவ ஃபிரெண்ட்ஸோட போக ஆரம்பிச்சிட்டான்னா அப்புறம் திரும்ப வரமாட்டா. எனக்குத் தெரியும்." கிண்டலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று மட்டும் சொன்னேன்.

தியேட்டர் முழுக்கத் துண்டுகட்டிகள். வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, இழுத்துவரப்பட்ட பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளைவிட வேகமாகப் படியேறினார்கள். நடுவில் ஜட்ஜம்மா, இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் நான். விளக்கு அணைந்தது.

மனுஷன் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! சூரனின் துணி நிறம் மாறியிருந்தது, பல்லைக் கடித்தார். இருட்டுக் கோமானுக்கு ஒரு சோகக் கதை வைத்திருந்தார்கள், கைக்குட்டையைக் கடித்தார். சூரனுக்கு ஒரு பேசும் ஆந்தை துணைக்கு வந்தது. இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டார். ஆனால் ஒரு எழுத்து? ஊகூம். ஜட்ஜம்மா படத்தைப் பாதியும் அப்பாவைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சண்டை வந்தது. சூரன் விழுந்தான். எல்லாம் முடிந்தது. கிள்ளுவதற்குத் தயாராக நான் கையை நீட்டி வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் விரல்மேல் வழிந்துகொண்டிருந்தது. படி ஏறப் பயந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற தகப்பன், எல்லாம் அந்தக் கைக்குள் அடைபட்டுக் கிடந்தது. சூரன் எழுந்தான். விரலை நீட்டினான்.

"புறப்படு, புயலே!"

"பயலேடா! பயலேன்னு சொல்லுடா! பயலே!"

யார் கத்தியது என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். என் மடியிலிருந்த பாப்கார்ன் முன்வரிசைக்காரரின் தலையில் இருந்தது. பின்னாலிருந்து ஒருவர் "அப்படிச் சொல்லுங்க சார்!" என்றார். பத்துப் பேர், "உக்காருய்யா!" என்றார்கள். டாக்டர் வாயிலிருந்து கையை எடுக்காமலேயே கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார்.

வெளியே வெயிலில் வைத்துத் தீர்ப்பு சொல்லப்பட்டது. "அப்பா பாஸ்" என்றாள் ஜட்ஜம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க இனிமே எங்ககூட வரவேணாம்."

நான் டாக்டரைப் பார்த்தேன். எனக்காக இரண்டு வார்த்தை பரிந்து பேச மாட்டாரா? இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த வாய் திறந்தது. "என்ன மச்சான் நீங்க? வசனமே புயலேதானே. டேப்புலதான் அவ்வளவு தெளிவா இருந்துச்சே. பயலேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அப்பாவும் மகளும் முன்னால் நடந்தார்கள். அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, பழைய சூரன்லயும் அந்த ஆந்தை இருந்துச்சா?" என்று கேட்டாள். அவளே கேட்டாள், நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் நடுத்தெருவில் நின்று, மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்துக்கொண்டு, "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தார். இரண்டரை மணி நேரம் அடைத்து வைத்தது மொத்தமும் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே போனாள்.

நான் ஒரு தடவைகூட அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. கட்டிலிலிருந்து குதித்ததில்லை. வாயில் பஞ்சோடு படுத்துக் கேட்டதுதான் நான் செய்த குற்றம். இது தொற்றுவியாதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மேலே சூரன் வசனம் வந்த இடங்களை உங்கள் சொந்தக் குரலிலா படித்தீர்கள்? உள்ளுக்குள் ஒரு கட்டைக் குரல் கேட்கவில்லை? ஆள்காட்டி விரல் லேசாக நீளவில்லை? உண்மையைச் சொல்லுங்கள், வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டேன். இரண்டாம் பாகம் அடுத்த வருஷமாம். எனக்குத் துணைக்கு ஆளில்லை, பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும். வந்தால் வாயைப் பொத்திக்கொள்ள ஒரு கைக்குட்டை கொண்டுவாருங்கள். எனக்கும் சேர்த்து இரண்டாகவே கொண்டுவந்துவிடுங்கள்.